நூற்றெண்பது பாகை

பெட்டி வந்த அன்றுதான் பார்த்தேன்:
என் ஆம்ப்ளிஃபயரின் முதுகில்
சப்வூஃபருக்கென்று ஒரு துளை இல்லை.
நாற்பத்தோரு வயதுக் கருவி.
அது பிறந்த காலத்தில்
அடித்தொனிக்கென்று தனி ஆள் வைக்கும்
வழக்கம் இல்லை.

கையேட்டின் பதினோராம் பக்கம் வேறு வழி சொன்னது.
முதலில் பிளக்கைப் பிடுங்கு.
ஸ்பீக்கர் கம்பி கடிபட்டிருக்கும் அதே திருகில்
இன்னொரு மெல்லிய கம்பியையும் கடிக்கக் கொடு.
சிவப்போடு சிவப்பு. கறுப்போடு கறுப்பு.
பயப்படாதே, இது
ஆம்ப்ளிஃபயரின் சோற்றில் கை வைக்காது.
தனக்கான சோற்றைச் சுவரிலிருந்து தின்னும்.
பேச்சை மட்டும் ஒட்டுக்கேட்கும்.

(சோறு என்று கையேடு சொல்லவில்லை.
அது நான் போட்டது.)

மொண்டேவிடியோவில் ஜூலை.
ஜன்னல் இடுக்கில் ஆற்றின் குளிர்.
துறைமுகத்தில் கிரேன்களைப் பிரித்துப் போடும் விரல்கள்
மயிரிழைச் செம்பை முறுக்கத் தெரியாமல்
மூன்று முறை சிந்தின.

மின்சாரம் கொடுத்ததும் ஓர் உறுமல்.
பாட்டில்லாமலே, ம்ம்ம்ம் என்று,
பதில் சொல்லப் பிடிக்காதவன் போல.
ஃப்ரிட்ஜைச் சந்தேகித்தேன், அணைத்தேன்.
மேல்வீட்டு வாஷிங்மெஷினைச் சந்தேகித்தேன்.
குற்றவாளி நான்:
இரண்டையும் இரண்டு சுவர்களில் செருகியிருந்தேன்.
ஒரே பலகையில் பக்கம் பக்கமாய்ச் செருகியதும்
வாய் மூடியது.

பிறகு இடம்.
பெட்டியைத் தூக்கி என் நாற்காலியில் உட்காரவைத்து
நான் தரையில், நாலு காலில்.
எங்கே தாளம் வயிற்றைத் தட்டுகிறதோ
அங்கே அதற்கு இடம்.
மூலையில் ஊதிப் பெருத்தது.
நடுக்கூடத்தில் ஆளே இல்லை.
அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே
காதைத் தரையோடு வைத்திருந்தபோதுதான்
கதவு திறந்தது.

தார்தோ.
என் மனைவியாக இருந்தவளின் தம்பி.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
மார்ச்சில் நான் வாங்கிய எட்டாயிரம் பெசோ
அவன் முகத்தில் எழுதியிருந்தது.
நாற்காலியில் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
விலை கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

“எழுந்திரு, எல்பியோ.”

எழுந்தேன். பெட்டியை இறக்கி
அதன் இடத்தில் வைத்தேன்.
“நீ உட்கார்,” என்றேன்.

ஏனென்றால் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச்:
பூஜ்யம், நூற்றெண்பது.
தள்ளுகிற கை ஒருவனுடையது என்றால்
கேட்கிற காது வேறொருவனுடையதாக வேண்டும்.
ஸ்பீக்கர்கள் முன்னே தள்ளும்போது
இது பின்னே இழுத்தால்
நாற்காலிக்கு வந்து சேர்வது வெறுங்கை.

பூஜ்யம்.
“இப்போது எப்படி?”
“பணம் எப்போது?”

தள்ளினேன்.
“இப்போது?”

பதில் இல்லை.

ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பழைய இசைத்தட்டு.
இஸ்லா தே ஃப்ளோரெஸ் தெருவில்
ஒரு பிப்ரவரி இரவு, அறுபது முரசுகள்.
அதில் தானும் வாசித்ததாகத் தார்தோ
எல்லாக் கல்யாணங்களிலும் சொல்லுவான்.
நாங்கள் தலையாட்டிவிட்டுக் கேக் வெட்டப் போவோம்.
சிக்கோ கேட்கும். ரெப்பிக்கே கேட்கும்.
அவன் தோளில் தொங்கிய
பியானோ என்ற பெருமுரசு மட்டும்
எங்கள் சின்ன ஸ்பீக்கர்களின் நிலைப்படியைத்
தாண்டி வந்ததே இல்லை.

இன்று தரைப்பலகை வழியாக வந்தது.
அவன் செருப்பில் ஏறி, முழங்காலில் ஏறி.
மாத்தே உறிஞ்சும் குழல்
உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது.

“இது நான்.”

கொஞ்சம் கழித்து, விரலைத் தூக்கி,
“இங்கே. கேள். இங்கே நான் பிந்திவிட்டேன்.
முப்பத்தொரு வருஷமாய்
எபெரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.”

நான் குனிந்து
குமிழை எண்பதில் நிறுத்தினேன்.
அதற்கு மேலே அவர்கள், கீழே இது.
வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாசலில் நின்று சொன்னான்:
“வெள்ளிக்கிழமை. எட்டாயிரம்.”
இரண்டு மாடி இறங்கினான்.
இரண்டு மாடி ஏறி வந்தான், மூச்சிரைக்க.

“நான் பிந்திய அந்த இடம்.
இன்னொரு தடவை போடு.”